பறவைக் கிளப்பை ஆரம்பித்தவள்

கச்சிராயபாளையம் பள்ளிக்கூடத்தில் கமலா டீச்சர் என்றால் பிள்ளைகளுக்கு உதறல்தான். அறிவியல் எடுப்பவர். தப்பாகச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார். தெரிந்ததைச் சொல்லாமல் முழுங்கினால் தொலைந்தது. சங்கராபுரத்துப் பக்கம் நெல்லும் கரும்பும் வைத்த குடும்பத்தில் பிறந்து, அந்தக் காலத்திலேயே பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்துத் திரும்பியவர். கணவர் சுப்புராயன் விவசாயி. அதிகம் பேசமாட்டார், பேசினால் குத்தலாகத்தான் பேசுவார். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அவர்கள் குடித்தனத்தில் எண்பத்தேழாம் வருஷம் சம்பளமில்லாத வேலை ஒன்று வந்து சேர்ந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்றார் சுப்புராயன்.

கமலா படித்த பல்கலைக்கழகத்தில் பறவை பார்ப்பவர்களுக்கென்று ஒரு கிளப் உண்டு. அதற்கு வெள்ளிவிழா. விழா மலரில் கிளப்பின் ஆரம்பகால வரலாறு வர வேண்டும், பழைய உறுப்பினர்கள் எழுதித் தரலாம் என்று இப்போதைய செயலாளர் சிவசங்கர் கேட்டிருந்தார். இளம் விரிவுரையாளர். கமலா உடனே ஒத்துக்கொண்டார். இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது, கூடவே இருந்து பார்த்ததுதானே என்று நினைத்தார். அங்கேதான் சனி பிடித்தது.

கிளப்பை ஆரம்பித்தது ராஜாம்பாள். பக்கத்து ஊர்க்காரி, ஒரே வகுப்பு, ஒரே விடுதி அறை. விடுதிக்குப் பின்னால் ஒரு குளம். காலையில் கேட்டைத் திறந்ததும் ராஜாம்பாள் கரையில் போய் நின்றுவிடுவாள். நாரை, நீர்க்காகம், முக்குளிப்பான் என்று ஒன்றையும் விடமாட்டாள். முதலில் தனியாக நின்றாள். பிறகு கமலா போனார். பிறகு பாதி விடுதியே போய் நின்றது. வார்டனிடம் அனுமதி கேட்டபோது ஒரு பெயர் வேண்டுமென்றார். ‘பறவை மன்றம்’ என்றாள் ராஜாம்பாள். மன்றம் என்றால் கட்சி வாடை அடிக்கும், கழகம் என்றால் கேட்கவே வேண்டாம், பேசாமல் கிளப் என்று வைத்துக்கொள் என்றார் வார்டன். அப்படித்தான் அது பறவைக் கிளப் ஆனது. அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போன ராஜாம்பாள் திரும்பி வரவில்லை. அவள் அண்ணன் வந்து பெட்டியை எடுத்துப் போனார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றார்கள். பிறகுதான் பையன்கள் சேர்ந்தார்கள், பைனாகுலர் வாங்கினார்கள், காசிநாதன் என்பவர் செயலாளர் ஆனார்.

இதைச் சொல்ல கமலா பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்கே போனார்.

“எங்க ரெக்கார்ட்ல காசிநாதன் சாருக்கு முன்னால யாருமே இல்லைங்களே மேடம்” என்றார் சிவசங்கர்.

“ரெக்கார்டு எழுத ஆரம்பிச்சதே அவருதானே சார். அதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்?”

“புரியுதுங்க. ஆனா ஆதாரம்னு ஒண்ணு வேணுமில்லைங்களா?”

“நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே, ஆதாரமா தெரியலையா?”

சிவசங்கர் நல்ல பிள்ளைதான். சிரித்தார், டீ வரவழைத்தார். “அந்த ராஜாம்பாள் அம்மாவே தன் கைப்பட நாலு வரி எழுதிக் குடுத்தாங்கன்னா சேர்த்துடலாம். செப்டம்பர் இருபதாம் தேதி பிரஸ்ஸுக்குப் போவுது” என்றார். கமலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் யாரும் கேட்காத ஆதாரத்தை இத்தனை நாளுக்குள் கொண்டு வா என்றால் என்ன நியாயம்? டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

ராஜாம்பாளை வெள்ளிமலைப் பக்கம் கொடுத்திருக்கிறது என்று மட்டும் எப்போதோ காதில் விழுந்திருந்தது. விசாரித்துப் பார்த்தார், அவள் பிறந்த வீட்டார் ஊரையே விட்டுப் போயிருந்தார்கள். கடைசியில் செப்டம்பர் நடுவில் லீவு போட்டுவிட்டு மலைக்குப் புறப்பட்டார்.

“ரோடு மறியல்னு பேசிக்கினு இருக்காங்க. இப்ப போயி மாட்டிக்கப் போற” என்றார் சுப்புராயன்.

“மாட்டினா மாட்டிக்கறேங்க. இருபதாம் தேதி எனக்காக நிக்குமா?”

வெள்ளிமலையில் ஜீப்பை விட்டு இறங்கி, சாமை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டார். பெரியண்ணன் என்று பெயர் சொன்னார் அவர்.

“இங்க ராஜாம்பாள்னு ஒருத்தங்க இருக்காங்களா? பறவைக் கிளப் ஆரம்பிச்சவங்க.”

“கிளப்பு ராஜாம்பாளா? தோ, அந்தத் திருப்பத்துல. ஆனா பறவல்லாம் கெடையாதும்மா. இட்லி, தோச, களி. கோழி வேணும்னா முன்னாடியே சொல்லி வெக்கணும்.”

கமலாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு திருப்பத்தில் இருந்த ஓட்டுக் கொட்டகையைப் பார்த்தார். சாப்பாட்டுக் கடை, ஊர் வழக்கில் காப்பி கிளப். பெஞ்சு, பாய்லர், வாழை இலைக் கட்டு. கல்லில் தோசை திருப்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“இன்னாடி கமலா, கண்ணாடியெல்லாம் போட்டுக்கினு?” என்றாள் ராஜாம்பாள், நேற்றுப் பார்த்தவளைப் போல.

கமலாவுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. முப்பது மைல் தூரத்தில் இருந்துகொண்டு இத்தனை வருஷம் ஒரு தகவல் இல்லை. வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டார்: “நீ கல்யாணத்துக்காகத்தானே படிப்ப நிறுத்தின?”

“கல்யாணமா? அதெல்லாம் பின்னால. தீவாளிக்கு வூட்டுக்குப் போனப்ப எங்கப்பாகிட்ட பெருமையா சொன்னேன், பறவைக் கிளப்பு ஆரம்பிச்சிருக்கோம், நாந்தான் செகரட்டரின்னு. அந்த மனுஷனுக்குத் தெரிஞ்ச கிளப்பு இன்னா? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு காப்பி கிளப்பு. அதுவும் பறவைக் கிளப்பு! காடை கவுதாரி வறுத்து விக்கறோம்னு நெனச்சிட்டாரு. எம்மவள படிக்க அனுப்பினா எச்சி எல எடுத்துக்கினு இருக்காளான்னு குதிச்சாரு பாரு.”

“நீ எடுத்துச் சொல்லக் கூடாதா?”

“சொன்னேன்டி. பறவைய பாக்கறதுப்பா, திங்கறதில்லன்னு. சும்மா பாக்கறதுக்கு எதுக்குடி கிளப்புன்னு கேட்டாரே, அதுக்கு நான் இன்னா சொல்றது?”

பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ராஜாம்பாளும் சிரித்தாள். கமலாவால் முடியவில்லை. ஒரு சொல், ஒரே ஒரு சொல், ஒரு பெண்ணின் படிப்பையே வாரிக்கொண்டு போயிருக்கிறது. அந்த வார்டன் எதிரே இருந்திருந்தால் கமலா அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பார்.

“கட்டிக் குடுத்தாங்க. வூட்டுக்காரருக்குக் கடுக்கா வியாபாரம். அவரு போனப்புறம் கையில இருந்தது சமையல்தான்” என்றாள் ராஜாம்பாள். “கடைசில எங்கப்பா பயந்த மாதிரியே கிளப்பு வெச்சிட்டேன். இப்ப எம்பேரு எதுக்குடி அந்தப் புஸ்தகத்துல?”

அன்று மாலை கீழே போகிற ஜீப் கிளம்பவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வார மறியல் தொடங்கிவிட்டது, வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. தபாலும் நின்றது. கமலா கிளப்பிலேயே தங்கி வெங்காயம் உரித்தார், சட்னி அரைத்தார், இருபதாம் தேதி கடந்து போவதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்த்தார். ராஜாம்பாளைக் கெஞ்சினார், திட்டினார். அவள் பிடி கொடுக்கவில்லை. ஒரு நாள் மதியம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் தானாகவே வாயைத் திறந்தாள்.

“போடறதா இருந்தா வெறும் ராஜாம்பாள்னு போடாத. ராமசாமி மவ ராஜாம்பாள்னு போடு. எங்கப்பா சாவற வரைக்கும் எம்மவ பறவை வறுத்தான்னே நெனச்சிக்கினு செத்தாரு. ஊர்லயும் அப்படித்தான் பேசினாங்க. ராமசாமி மவ பறவைய பாத்தான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்.”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நாலு வரி எழுதிக் கொடுத்தாள். எழுத்து அந்த நாளில் இருந்தது போலவே குண்டு குண்டாக இருந்தது.

மறியல் முடியும் வரை கமலா காத்திருக்கவில்லை. அடிவாரம் வரைக்கும் ஒரு ஜீப், அப்புறம் நடை. வழியில் வெட்டிக் கிடந்த புளியமரத்தைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாண்டினார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் அவரிடம் படிக்கிற பெண்ணின் அப்பா.

“மன்னிச்சிக்குங்க டீச்சர். எங்க பங்கு இன்னான்னு எழுத்துல குடுக்கட்டும், வழிய வுட்டுடறோம்.”

“உங்களுக்காவது உக்காந்து கேக்க ஒரு ரோடு இருக்குது” என்றார் கமலா. அவருக்குப் புரிந்திருக்காது. கமலாவுக்கு நின்று விளக்கப் பொறுமை இல்லை.

பஸ் ஓட ஆரம்பித்த மறுநாளே பல்கலைக்கழகம் போனார். விழா மண்டபத்தில் மேஜை மேல் மலர்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. மறுநாள் விழா. சிவசங்கர் ஒரு பிரதியை இரண்டு கையாலும் நீட்டினார். ‘நமது கிளப்பை நிறுவியவர் திரு. காசிநாதன்’ என்று படத்தோடு போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில், ‘மாணவியரும் ஒத்துழைத்தனர்.’

கமலா தாளை எடுத்துக் கொடுத்தார். சிவசங்கர் படித்தார். முகம் வாடிப் போனது.

“தகவலே இல்லைங்களே மேடம், இன்னா பண்றது? நிச்சயமா அடுத்த மலர்ல போட்டுடலாம்.”

“அடுத்த மலர் எப்ப?”

“பொன்விழாவுக்குங்க.”

அப்போது தனக்கும் ராஜாம்பாளுக்கும் எழுபதை நெருங்கியிருக்கும் என்று கமலா கணக்குப் போட்டார், இருந்தால். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து சிவப்பு மை பேனாவை எடுத்தார். முதல் கட்டின் நூலைப் பிரித்து, மேலே இருந்த மலரை விரித்து, காசிநாதன் என்ற பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘ராமசாமி மகள் ராஜாம்பாள்’ என்று நிதானமாக எழுதினார். அதை மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

“மேடம், இன்னா பண்றீங்க?” சிவசங்கர் பதறிப் போனார்.

“தப்பா எழுதியிருக்கீங்க. திருத்தறேன்” என்றார் கமலா டீச்சர். “அந்தக் கட்டையும் இப்படித் தள்ளுங்க.”