கெண்டைக்காலுக்கு நேர்ந்த காவடி

ஐம்பத்தெட்டு வயதில் நான் ஸ்கீ பழகினேன். மலை உச்சியிலிருந்து சறுக்கி வருகிற ஸ்கீ இல்லை. இது தட்டை நிலத்தில், நீளக் கட்டைகளைக் காலில் பூட்டி, தடி ஊன்றி ஊன்றிக் காட்டுக்குள் போவது. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன் நான். மொன்றியலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு அந்தக் கடையையே வாங்கினவன். ஸ்கீயையும் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. பார்த்தேன், போனேன்.

எல்லாம் சம்பந்தியால் வந்தது. மகளின் மாமனார், ஓய்வுபெற்ற எஞ்சினியர். மொன்றியலை ஒட்டிய இல்-பிசார் தீவில் வீடு. அங்குள்ள பூங்காவின் பெரிய சுற்றை இளைப்பாறாமல் முடிப்பதாக ஒவ்வொரு விருந்திலும் அளப்பார். ஒரு பிறந்தநாள் வீட்டில் அத்தனை சனத்துக்கும் முன்னால் சொல்லிவிட்டேன்: "சம்பந்தி, இந்தப் பனிக்காலம் முடிய முதல் உங்களுக்கு முன்னால நான் அந்தச் சுற்றை முடிக்கிறன்." சொன்னால் சொன்னதுதான். தோற்றால் அதன்பிறகு ஒரு கலியாண வீட்டுக்கும் போகமுடியாது.

முதல் வாரமே வலது கெண்டைக்காலில் கத்தி இறங்கியதுபோல ஒரு பிடிப்பு. உடனே முருகனுக்கு நேர்ந்தேன்: கால் சுகமானால் தைப்பூசத்துக்குக் காவடி. சுகமானது. காவடி என்றால் சும்மா தூக்கிக்கொண்டு நடக்கிற ஆள் நான் இல்லை, ஆடவேண்டும். பேஸ்மென்டில் பாட்டைப் போட்டு ஆடிப் பழகினேன். கால் திரும்பவும் பிடித்தது. இரண்டாவது காவடி நேர்ந்தேன். சுகமானது. இரண்டு காவடிக்கு இன்னும் நன்றாக ஆடவேண்டாமா? ஆடினேன். பிடித்தது. மூன்றாவது காவடியையும் நேர்ந்தேன்.

மனைவி என்னை ஒரு பிசியோதெரபிப் பெண்ணிடம் இழுத்துப் போனாள். ஸ்கீயைத் தவிர வேறு என்ன செய்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். ஒன்றுமில்லை, கும்பிடுகிறேன் என்றேன்.

"இஞ்சேருங்கோ, கும்பிடுற விதத்தையும் காட்டுங்கோவன்" என்றாள் மனைவி.

சுவரில் சாய்ந்திருந்த ஊன்றுகோலைத் தோளில் வைத்து ஆடிக் காட்டினேன். வெளியே காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் என் பாதத்தையே பார்த்தாள். "மெஸ்யூ, குதிகால் நிலத்தில் படவே இல்லையே. ஸ்கீயும் இப்படித்தானா?"

"ஓம், இப்பிடித்தான். நுனிக்கால்."

ஆட்டத்தை நிறுத்துங்கள், முழுப்பாதத்தையும் பதியுங்கள் என்றாள். நல்ல பிள்ளை. ஆனால் மூன்று காவடியை என்ன செய்வது? கோயில் ஐயருக்குப் போன் எடுத்தேன். "முருகன் எல்லா இடத்திலையும்தான் இருக்கிறார். நீங்கள் முதல்ல காலைப் பாருங்கோ" என்றார். முதல் பாதி எனக்குப் போதுமாக இருந்தது.

தைப்பூசத்தன்று காலை, மூன்று நேர்த்திக்கும் சேர்த்து ஒரே மயிலிறகுக் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு, கட்டைகளைப் பூட்டி, பூங்கா வாசலில் நின்றேன். ஜாக்கெட்டுக்கு மேல் மஞ்சள் சால்வை. பந்தயத்துக்கென்று நான் வரச்சொல்லியிருந்த சம்பந்தி வாயைப் பிளந்தார்.

"என்ன கூத்து இது?"

"நேர்த்தி, சம்பந்தி. வாங்கோ, வெளிக்கிடுவம்."

இரண்டு கையும் காவடியைப் பிடித்திருந்ததால் தடி ஊன்ற வழியில்லை. நுனிக்காலில் உந்தினால் கட்டை வழுக்கி முகம் குப்புற விழவேண்டியதுதான். ஆகவே முழுப்பாதமும் பதிய மெல்ல மெல்லப் போனேன். எதிரே வந்த வெள்ளைக்காரர்கள் தடத்தை விட்டிறங்கி ஆழப் பனியில் நின்று வழிவிட்டார்கள். ஒரு கிழவர் தொப்பியையும் கழற்றினார்.

பின்னால் சம்பந்தி மூச்சு வாங்கினார், வேகத்தால் அல்ல, ஆத்திரத்தால். "சம்பந்தி, கொஞ்சம் கெதியா."

"முந்துறதெண்டா முந்துங்கோ. நான் மறிக்கேல்லை."

"காவடியை எப்பிடி முந்துறது? பாவமெல்லோ!"

சுற்று முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு "அரோகரா" சொல்லியபடியே வந்தார். வாசலை நான்தான் முதலில் தொட்டேன். கெண்டைக்கால் மூச்சும் விடவில்லை.

"நீங்கள் முந்தேல்லை. முருகன் முந்தினவர்" என்றார் சம்பந்தி.

"அவர் ஆரின்ர தோளில வந்தவர்?" என்று கேட்டேன்.