சுவரேறிக் குதிப்பவளின் கூடுதல் சிரிப்பு

கேபிள் டிவி தொழிலில் படம் தெரியவில்லை என்று திட்டுபவரைச் சமாளித்துவிடலாம். படத்தில் இல்லாதது கேட்கிறது என்பவரை என்ன செய்வது? உள்ளூர் சேனல் நடத்தி ஊராரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக பாவிகளே, உங்களிடம்தான் சொல்ல முடியும். என் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். தேவிபட்டினத்துச் சேனல் என் தலையில்.

இடையில் வந்த விளம்பரம்

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காமெடிப் படம் போடுவோம். மாற்றினால் ஊர் என்னை உயிரோடு விடாது. எல்லாம் அந்தக் கதாநாயகிக்காக. பெண் பார்க்க வந்தவனுக்கு உப்புக் காபி கொடுப்பாள். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்சுவரேறிக் குதிப்பாள். மாப்பிள்ளை வீட்டுக் காரையே ஓட்டிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தபடி போய்விடுவாள். நான் ஸ்கூட்டி ஓட்டத் துணிந்ததே அவளைப் பார்த்துத்தான்.

ஒருநாள் அவள் சுவரில் கால் வைத்த நேரம் பார்த்து ஜவுளிக்கடை விளம்பரம் புகுந்துவிட்டது. மீன் விற்கும் மரியம் அரிவாள்மணையைப் போட்டது போட்டபடி சேனல் ஓடும் என் அறைக்கு வந்து நின்றாள். எங்கள் பேச்சில் அக்காவை லாத்தா என்போம். "லாத்தா, அவ செவுத்துல தொங்கிக்கிட்டு கெடக்கா. மொதல்ல அவள எறக்கி விடுங்க, அப்பறம் சேலை விக்கலாம்."

இரண்டாவது சிரிப்பு

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை வரிசையாகப் போன். கார் போய் மறைந்து, அவள் சிரிப்பும் அடங்கி, திரையில் வெறும் சாலை மட்டும் இருக்கும்போது இன்னொரு சிரிப்பு கேட்கிறதாம். கடைசியில் ஒரு விக்கலாம். எதிரொலி என்று சமாளித்தேன். ஆனால் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த என் காதில் எதுவும் விழவில்லை.

எங்கள் டெக்னீஷியன் சேகர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டான். கேபிளை மாற்றினான். நாலு வீட்டுக்குப் போய் வந்தான். வந்தவன் சொன்னான்: "அக்கா, ஃபைல்ல இல்ல, ஒயர்லயும் இல்ல. ஆனா வீடுகள்ல இருக்கு."

கரண்ட் போனபோது

அடுத்த வெள்ளி நானே மரியம் வீட்டில் போய் உட்கார்ந்தேன். கதாநாயகி சுவரேறும்போது தெருவுக்கே கரண்ட் போனது. காற்றாடி நின்றது. அப்பாடா என்று எழுந்தேன்.

இருண்ட டிவிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. இளம்பெண்ணின் குரல். முடிவில் விக்கல். யா அல்லாஹ் என்று வாசல் பக்கம் பாய்ந்தேன். மரியம் மட்டும் டிவியைச் செல்லமாகத் தட்டினாள். "பயந்துக்கிறாதீங்க லாத்தா, செவுரேறுற நம்ம பொண்ணுதான்."

கருப்பையா வந்தார்

அதற்கடுத்த வெள்ளி பக்கத்துக் கிராமத்து மிளகாய் விவசாயி கருப்பையா என் அறைக்கு வந்தார். படத்தை இங்கேயே உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். அவர் மகள் செல்விக்கு இந்தப் படம் என்றால் உயிர். சிரித்து முடித்தால் அவளுக்கு விக்கல் வருமாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளும் கொல்லைச் சுவரேறிப் போய்விட்டாள். வருசக்கணக்கில் தகவல் இல்லை.

தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. "எனக்கு மக செத்துட்டான்னு ஊரு முன்னாடி சொன்னவன் நான். இப்ப வீட்டுக்கு வீடு கேக்குதே, அது இருக்குற பிள்ளை சிரிப்பா, இல்லாத பிள்ளை சிரிப்பா தாயி?"

கம்பி போகாத ஊர்

படத்தைப் போட்டேன். கதாநாயகி சுவரில் கால் வைத்ததும் கருப்பையா எழுந்துவிட்டார். "ஓடு தாயி, ஓடு! அய்யா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று மானிட்டரைப் பார்த்துக் கத்திவிட்டுத் தேம்பினார். இந்த முறை கூடுதல் சிரிப்பு கேட்டதாக ஒரு வீட்டிலிருந்தும் போன் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு போன் வந்தது, திருப்பூரிலிருந்து. பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல். எதிர்முனையில் பேசிய பெண், தன் பேர் செல்வி என்றாள். படம் கேட்டு முன்பு அடிக்கடி கூப்பிட்டதால் எங்கள் நம்பர் மறக்கவில்லையாம். ஸ்பீக்கரைப் போட்டேன். "லாத்தா, இங்கன டிவியே இல்ல. ஆனா இப்ப மிஷின் சத்தத்துக்குள்ள எங்க அய்யா ஓடு தாயின்னு கத்துனாரு, ஒண்ணும் சொல்ல மாட்டேன்னாரு. நெசமாவே அவருதான் சொன்னாரா?"

போனை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்; கம்பி இழுத்த வீட்டுக்கே ஒழுங்காகச் சிக்னல் கொடுக்கத் தெரியாத நான், கம்பியே போகாத திருப்பூருக்கு அவர் குரல் எப்படிப் போனது என்று எந்த என்ஜினியரைப் போய்க் கேட்பேன்?