கில்ஜா அக்கா தூங்கவைத்த பேட்டரி

ஆப்பிள் மரத்தைப் பார்த்தால் கில்ஜா அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. அடுத்தவர் தோட்டத்து வேலியோரம் நடக்கும்போதுகூட, "அந்தக் கெளைய எவன் விட்டு வச்சான்?" என்று முனகுவார். தென்கொரியாவின் யோங்ஜு பக்கம் குளிர்காலத்தில் கிளை கழிக்கும் கவாத்து வேலைக்குப் போகும் கூலிக் கூட்டங்களில் அவருக்கு இணை கிடையாது. மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்தபின் சாதாரணக் கத்தரியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து, வயரில் பேட்டரி தொங்கும் மின்கத்தரிதான் அவருக்குக் கை.

அந்தப் பேட்டரிக்கு வைத்தியன் நான். பிழைப்புக்குப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கொரோனா காலத்தில் பொழுது போகாமல், பேட்டரி செல்களைப் பற்றவைக்கும் ஒரு குட்டி ஸ்பாட் வெல்டர் வாங்கினேன். இந்தியாக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் முடிவு கட்டியது. முடியாது என்று சொல்ல எனக்குத் தமிழிலும் வராது, கொரிய மொழியிலும் வராது. இப்படிக் கிடைத்ததுதான் வைத்தியன் பட்டம்.

போன குளிர்காலம் அக்காவின் பேட்டரியில் ஓய்ந்துபோன செல்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை நிக்கல் பட்டையால் இணைத்துக் கொடுத்தேன். இந்தக் குளிருக்கு அவையும் படுத்துவிட்டன. நடு வரிசையில் கத்தரி வாயைப் பிளந்தபடி நின்றதாம்.

"இன்னொரு தடவ நின்னா, கத்தரிய வச்சிட்டு வெட்டின கெளை பொறுக்கப் போயிடுங்க அக்கா" என்று மேஸ்திரி பாங் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

கேட்டதும் தெரிந்துவிட்டது, என் வெல்டிங்தான் காரணம். அக்காவின் வேலை போவது, ஊர் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பது, விசா ரத்தாவது என்று விமான நிலையம் வரை மனத்திலேயே போய்வந்துவிட்டு, பேட்டரியை வாங்கிவர அவர் வீட்டுக்குப் போனேன்.

"உள்ள வாங்க வாத்தியாரே, வெறைச்சுப் போயிட்டீங்க. அந்த மெத்தையில உக்காருங்க."

சூடேறும் மின்சாரப் பாய், மேலே கனத்த போர்வை. உட்கார்ந்ததும் தொடையில் ஏதோ இடித்தது. இந்த ஊர் வழக்கப்படி யாருக்கோ சூடு ஆறாமல் போர்வைக்கடியில் எடுத்துவைத்த சோற்றுக் கிண்ணம் என்று நினைத்தேன்.

"ஐயையோ, அது மேலயா உக்காந்தீங்க? எந்திரிங்க! இப்பத்தான் தூங்க வச்சேன்!"

போர்வையை விலக்கினால் பேட்டரி. தொட்டேன், சுட்டது. எழுந்தது நானா என் கால்களா தெரியாது, வாசலில் நின்றேன்.

"தினமும் இப்படியா வைக்கிறீங்க?"

"பின்ன? நாள் பூரா பனியில கெடந்து வருது பாவம். வயிறு முட்ட சார்ஜ் ஏத்தி, சூடா படுக்க வச்சாத்தானே காலையில தெம்பா எழும்பும்!"

அப்போது எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது சந்தோஷம். தப்பு என் வெல்டிங்கில் இல்லை! முழுச் சார்ஜோடு இரவெல்லாம் சூட்டில் கிடந்தால் செல் சீக்கிரம் மூப்படையும் என்பதைக் கொஞ்சம் அதிகமான உற்சாகத்தோடே விளக்கினேன்.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நானேதான் அதக் கெழவியாக்கிட்டேனா?" பிறகு நிமிர்ந்தார். "சரி, தோட்டத்துல குளிர் பட்டதும் சுருண்டுக்குதே, அதுக்கு என்ன பண்ண?"

"வீட்டுல சும்மா அலமாரியில வைங்க. வெட்டும்போது மட்டும் கோட்டுக்குள்ள, உடம்போட ஒட்டி."

"வெடிக்காதே?"

"வெடிக்காது" என்றேன். நம்பும்படியாக இல்லை, எனக்கே.

மறுபடி செல்களை மாற்றிக் கொடுத்தேன். முதல் நாள் வேலைக்கு நானும் போனேன், தீப்பிடித்தால் கொட்ட ஒரு வாளி மணலோடு.

"அடடா, சரிவு வழுக்குதுன்னு வாத்தியார் மணல் கொண்டாந்துட்டாரு பாருங்க!" மேஸ்திரி பாங் வாளியை வாங்கி, பனி உறைந்த பாதை முழுக்கத் தூவிவிட்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வெறும் வாளியோடு ஏணியடியில் நின்றேன்.

மேலே அக்காவின் கோட்டு, வயிற்றுப் பக்கம் புடைத்திருந்தது.

"என்னக்கா, இந்த வயசுல மாசமா இருக்கீங்களா?" என்றாள் பக்கத்து மரத்துக்காரி.

"ஆமாடி. அப்பன் கீழ வாளியோட நடுங்கிட்டு நிக்கிறான் பாரு!"

தோட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், புடைப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். கத்தரி நறுக் நறுக்கென்று அந்த வரிசையின் கடைசி மரம் வரை நிற்காமல் போனது. மேஸ்திரி பாங் வந்து வெட்டிய இடங்களைப் பார்த்தார். பாராட்டெல்லாம் அவர் வாயில் வராது. அடுத்த வரிசைக்குக் கை காட்டினார்.

அக்கா இறங்கி, கோட்டின்மேல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.