பிரேக்கர் விழாத வீடு

அந்த வீட்டின் மூத்த மருமகள் பகலில் உட்கார வேண்டுமென்றால் பிரேக்கர் விழ வேண்டும். அவள் துணி தேய்க்கும்போது குளியலறையில் யாராவது ஹீட்டரைப் போட்டால், ஒரே லைன் இரண்டையும் தாங்காது; பிரேக்கர் டப்பென்று விழுந்து கரண்ட் போய்விடும். யாராவது நாற்காலி போட்டு ஏறி அதைத் தூக்கிவிடும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். ஹீட்டர் ஓடும் நேரம் பார்த்தே அவள் இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கினாள் என்பது யாருக்கும் தெரியாது.

சோப்பு நுரையோடு நின்று நின்று பொறுமை போன கொழுந்தன், எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தான்.

"பதினாறு ஆம்பியர் பிரேக்கரைக் கழட்டிட்டு முப்பத்திரண்டு போடுங்க. இனிமே விழக்கூடாது."

"வயரு பழசு தம்பி. பெருசா போட்டா பிரேக்கர் விழாது, சுவத்துக்குள்ள வயருதான் வேகும். வெளிய தெரியாது. ஹீட்டருக்குத் தனி லைன் இழுத்துடலாம்."

"அதுக்காகச் சுவரை உடைக்கிறதா? இத்தனை வருஷம் தாங்கலையா?" என்றார் மாமியார்.

எலக்ட்ரீஷியன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கொழுந்தனே முப்பத்திரண்டைக் கடையில் வாங்கிவந்து மாட்டினான்.

அதன்பிறகு ஒரு தடவைகூட விழவில்லை. ஹீட்டர் ஓடியது, பெட்டி ஓடியது, அவளும் ஓடினாள்.

ஒருநாள் இடுப்பு வலி தாளாமல் பிளக்குக்கு மேலே சுவரில் கையை ஊன்றினாள். வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"அத்தை, சுவர் சுடுது."

"இஸ்திரி போடுற இடம் பின்ன குளிருமா? அதெல்லாம் தாங்கும். நீ தேய்."