நாக்குக்கு அடியில் பத்து நிமிடம்

"பத்து நிமிசம் வாய மூடிகினு குந்த ஒருத்தியால முடியல. இதுங்கள வெச்சிகினு நான் இன்னாத்த பண்றது?"

எல்சி இதைத் தினமும் காலை பத்து மணிக்குச் சொல்வாள். சொன்ன கையோடு ஒரு வாய் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, விழுங்காமல், கன்னம் உப்ப உட்கார்ந்துவிடுவாள். இல்லாவிட்டால் முதலில் பேசுவது அவள்தான். காசிமேட்டில் இருபது வருஷம் மீன் ஏலத்தில் கத்திய தொண்டை. அவள் பேசாமல் இருப்பதைப் பார்க்கவே வீட்டுக்காரர் இன்னாசி ஒருநாள் துறைமுகத்தில் லீவு போட்டுவிட்டு வந்தார்.

முட்டி தேய்ந்து ஏலத்தை விட்டவள், இப்போது கல்மண்டபம் பகுதியில் ஒரு மாடியில் நடக்கும் சிகிச்சை மையத்தில் ஆயா. வலி மாத்திரைக்கு அடிமையாகி மீண்டுவரும் தாய்மார் எட்டுப் பேர் பிள்ளைகளோடு அங்கே வருகிறார்கள். நர்ஸ் உஸ்மா கொடுக்கும் மருந்தை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். பத்து நிமிடம் பேசக்கூடாது, விழுங்கக்கூடாது. பிறகு நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். யாரும் மருந்தை ஒளித்து வெளியே கொண்டுபோகாமல் இருக்கத்தான். அதுவரை பிள்ளைகள் எல்சியின் பொறுப்பு. அப்புறம் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பிள்ளையோடு விளையாடுவது எல்லாம் தாய்மாருக்குக் கற்றுக்கொடுப்பாள். கற்றுக்கொடுப்பது என்றால் திட்டுவது.

பவானி அங்கே வருகிறவள். மீன்கூடை தூக்கி இடுப்பு போய், மாத்திரை போட ஆரம்பித்து, அது இல்லாமல் எழுந்திருக்கவே முடியாமல் ஆனவள். மகள் மகிழினிக்கு இரண்டு வயது. ஏழு மாதமாக ஒருநாளும் சிகிச்சைக்குத் தவறவில்லை. ஆனாலும் யாரோ ஒரு புண்ணியவான் அவள்மேல் புகார் எழுதிப்போட்டான். பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்பலாமா என்று பார்க்க ஒரு அதிகாரி வந்தார். வந்த நேரம் பத்து மணி மூன்று நிமிடம். உஸ்மா மருந்துப் பெட்டியைப் பூட்டக் கீழே போயிருந்தாள்.

அவர் வணக்கம் சொன்னார். எட்டுப் பெண்களும் பார்த்தார்கள், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பவானி யார் என்றார். கை தூக்கினாள். காலையில் பிள்ளைக்கு என்ன கொடுத்தாய் என்றார். விரலால் காற்றில் வட்டம் போட்டு இட்லி என்று காட்டினாள். அவர் ஏதோ எழுதிக்கொண்டு எல்சியிடம் திரும்பினார். அவள் உப்பின கன்னத்தோடு கடிகாரத்தைக் காட்டினாள். பல்வலி என்று நினைத்து, டாக்டரைப் பாரும்மா என்றார்.

கடைசியில் மகிழினி முன்னால் குந்தி, பேர் என்ன பாப்பா என்று கேட்டார். குழந்தை வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, அடியில் ஒன்றுமில்லை என்று இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாள். அதைப் பார்த்து நடக்கத் தெரிந்த மற்ற நாலு பிள்ளைகளும் வரிசையாக வந்து நின்று நாக்கைத் தூக்கின.

எல்சியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயில் இருந்த தண்ணீர் முழுவதும் அவர் கோப்பின்மேல் போனது.

நேரம் முடிந்ததும் எட்டுப் பேரும் ஒன்றாகப் பேசினார்கள், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்சி அதட்டி, பவானியை மட்டும் முன்னால் தள்ளினாள்.

"எனுக்கும் பதிலு சொல்லத் தெரியும் சார். ஆனா மருந்த பாதில துப்புனா சாயங்காலம் கை நடுங்கும். அந்தக் கையால இந்தப் புள்ளய எப்டி தூக்குவேன்?"

அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பவானி பிள்ளைக்கு ஊட்டுவதைப் பார்த்தார். இங்கே வேலை செய்பவர்கள் சொன்னால் போதாது, வெளியாள் மூன்று பேர் ஒரு மாதத்துக்குள் தாயையும் பிள்ளையையும் நேரில் பார்த்து எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் காப்பகம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்சி தெருத்தெருவாகக் கூப்பிட்டாள். அது 'மாத்திரை வூடு' என்று ஒருவரும் படியேறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் முன்வரிசையில் நிற்கும் பெண்கள்கூட வரவில்லை. இதை எழுதும் நான் மட்டும் போய்ப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். இன்னும் இரண்டு பேர் வேண்டும், பதினோரு நாள் இருக்கிறது.

மீன் வாங்கப் போகிற வழிதான். பழம், பிஸ்கட் ஒன்றும் வேண்டாம். புத்திமதி வேண்டவே வேண்டாம். மாடி ஏறிப் போய், பவானி தன் பிள்ளைக்கு ஊட்டுவதைப் பார்த்துவிட்டு, பார்த்ததை எழுதி எல்சியிடம் கொடுங்கள். தயவுசெய்து போய்ப் பாருங்கள்.