மச்சான் அடுக்கிய செங்கல்

ரோஸ்லானின் வலது காலைப் பறித்தவன் நான்தான். என் மச்சான் செல்வம் இல்லை. இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களை எனக்குத் தெரியாது... அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

தெப்ராவ் பக்கம் ஓர் உருக்காலையில் நாங்கள் மூவரும் வேலை பார்த்தோம். உருகிய எஃகைச் சுமந்து செல்லும் ராட்சத வாளியை லேடல் என்போம். அதன் உட்சுவரில் நெருப்பைத் தாங்கும் செங்கலை வட்டம் வட்டமாக அடுக்குவது செல்வத்தின் வேலை. அவன் என் மனைவியின் அண்ணன். எஃகின்மேல் மிதக்கும் கசடைப் பதப்படுத்துவது என் வேலை. லேடல் வந்து இறங்கும் மேடையில் நிற்பவன் ரோஸ்லான்.

கசடு கெட்டியாக இருந்தால் எஃகு சுத்தமாக நேரம் பிடிக்கும். அதுவரை அனலில் வெந்துகொண்டு நிற்க வேண்டும். ஃபுளோர்ஸ்பார் என்ற பொடியைப் போட்டால் கசடு கஞ்சியாக இளகிவிடும், வேலையும் சட்டென்று முடியும். ஆனால் இளகிய கசடு சும்மா இருக்காது. செங்கலுக்குள் புகுந்து அதை அரித்துத் தின்னும். அதனால்தான் அந்தப் பொடிக்கு ஓர் அளவு வைத்திருந்தார்கள். நான் அந்த அளவைத் தாண்டினேன். ஏதோ ஒரு நாள் கைதவறி அல்ல, மாதக்கணக்கில், தெரிந்தே தாண்டினேன். கையால் தூக்கி வீசும் பைதானே... எந்தக் கணினியிலும் அது பதிவாகவில்லை.

ஏன் செய்தேன்? பசியா? யாராவது மிரட்டினார்களா? ஒன்றுமில்லை! என் ஷிப்டில் வேலை சீக்கிரம் முடிகிறது என்று மேலாளர் நான்கு பேர் முன்னால் மெச்சிக்கொள்வார். அந்த மெச்சலுக்காகச் செய்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை.

ஒரு நாள் லேடலின் பக்கச் சுவர், சரியாகக் கசடு மிதக்கும் உயரத்தில் பிய்த்துக்கொண்டது. எஃகு கொட்டியது. ரோஸ்லான் ஓடினான், ஆனால் ஒரு கால் பின்தங்கிவிட்டது. உயிரைக் காப்பாற்ற முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

விசாரணையில் செல்வம் தானாகவே எழுந்து நின்றான்.

"என் கை வேலைதான் சார். அடுக்கின அன்னிக்கு மகளுக்குக் காய்ச்சல், கிளினிக் போற அவசரம். ஒரு வரிசையில சந்து விட்டிருப்பேன்."

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். சந்து விட்டிருந்தால் எஃகு ஊற்றும் முதல் சில வார்ப்புகளிலேயே ஒழுகியிருக்கும். அந்தச் சுவரோ பல வார்ப்புகளைத் தாங்கிய சுவர். அவன் செங்கல் அத்தனை நாளும் என் கசடோடு போராடி நின்றது! எனக்கு அது தெரியும். அவன் முகத்தைப் பார்த்தேன்... நான் வாயைத் திறக்கவில்லை. ஒப்புக்கொள்ள ஓர் ஆள் கிடைத்துவிட்டான், மேலே தோண்ட யாருக்கும் தேவைப்படவில்லை. அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

இப்போது ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் காவலாளியாக இருக்கிறான். கெலாங் பாத்தாவில் என் வீட்டுப் பின்கட்டில் ஒரு சுவர் எழுப்பித் தரும்படி என் மனைவி அவனைக் கேட்டாள். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என் கை வேணாம் லா. உன் பிள்ளைங்க அந்தச் செவுத்துப் பக்கம்தான் விளையாடும்."

அவள் அழுதாள். நான் போய் வேறு ஆளைக் கூட்டிவந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று கேட்கிறீர்களா? இருக்கிறான்...

இன்னும் கேளுங்கள். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் செல்வம் பத்து பகாட் ஊருக்குப் போய் ரோஸ்லானிடம் மன்னிப்புக் கேட்கிறான். காரை ஓட்டிச் செல்வது நான்! ரோஸ்லான் செயற்கைக் காலோடு வாசலுக்கு வந்து அவனைத் தழுவிக்கொள்கிறான். "தாக் அபா லா, பாங்," பரவாயில்லை அண்ணே என்கிறான். நான் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து ஓலையில் வேகவைத்த கெத்துப்பாட் சோறும் ரெண்டாங் கறியும் தின்கிறேன். தொண்டையில் இறங்கத்தான் செய்கிறது.

போன பெருநாளில் என்னால் தாங்க முடியவில்லை. செல்வம் கை கழுவ உள்ளே போயிருந்தான். ரோஸ்லானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"மாஃப் ஸாஹிர் பாத்தின்."

உடலாலும் உள்ளத்தாலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள் என்று பொருள். அன்று வீட்டுக்கு வீடு எல்லோரும் சொல்லும் வாழ்த்து அது. என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே உண்மையும் அதுதான். ரோஸ்லான் சிரித்தான். தன் பங்குக்கு அவனும் என்னிடம் அதையே சொன்னான். பிறகு, நீங்கள் என்ன தப்பு செய்தீர்கள் பாங் என்று மலாயில் கேட்டு, தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

நான் ஒரு ரெண்டாங் துண்டை எடுத்துக்கொண்டேன்... கோழை!

திரும்பும் வழியெல்லாம் செல்வம் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். ஊர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினான்.

"அவன் மன்னிச்சிட்டான் மாப்ள. எனக்குத்தான் மனசு ஆற மாட்டேங்குது. நீ கூட இருந்தாத்தான் அவன் மூஞ்சியப் பாக்க தைரியம் வருது. அடுத்த வருசமும் கூட்டிட்டுப் போவியா?"

"போலாம் மச்சான்" என்றேன்.