கழுவிய கொழுந்து

எம்.ஏ. முதல் வருடம் என் கட்டுரையைத் திருடியவள், பாலக்காட்டு விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். வேலந்தாவளத்துப் பக்கம் தென்னந்தோப்பும் வயலுமாக வாழ்ந்த குடும்பத்துப் பெண். நான் பீர்மேட்டு எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிப் பத்து நாள் நூலகத்தில் உட்கார்ந்து நான் எழுதியதை, அறைத்தோழி பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிப் போனாள். வரிக்கு வரி பார்த்தெழுதி எனக்கு முன்பே பேராசிரியரிடம் கொடுத்துவிட்டாள்.

பேராசிரியர் இருவரையும் கூப்பிட்டார். நான்தான் அவளுடையதைப் பார்த்து எழுதினேன் என்று கண் இமைக்காமல் சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, இந்த இங்கிலீஷ் உன்னுடையதுதானா என்று மெதுவாகக் கேட்டார். அவளைத்தான் நம்பினார். எனக்கு மதிப்பெண் இல்லை, மன்னிப்புக் கடிதமும் எழுதித் தரவேண்டியதாயிற்று. அதன் பிறகும் அவளோடு சிரித்துப் பேசினேன். ஒரு வருடம் காத்திருந்தேன்.

இரண்டாம் வருட ஆய்வேட்டுக்கு வகுப்பு முழுவதற்கும் மலைத்தோட்டத் தொழிலாளர் என்ற ஒரே தலைப்பு. நான் இரண்டு பிரதிகள் எழுதினேன். உண்மையானதைப் பெட்டியில் பூட்டினேன். மற்றதை மேசையில் விட்டுவிட்டு இரண்டு நாள் ஊருக்குப் போனேன். அதில் ஒரு பத்தி மட்டும் பொய்: பறித்த கொழுந்தைப் பெண்கள் ஓடையில் கழுவி, வெயிலில் உலர்த்திய பிறகே எடைக்குக் கொண்டுபோவார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அந்த ஒரு பத்தியைத் தவிர எங்கள் இரண்டு ஏடுகளும் ஒன்றுபோல் இருந்ததால் இருவரையும் சேர்த்தே உட்கார வைத்தார். கொழுந்தைக் கழுவுவதை நேரில் பார்த்தாயா என்று அவளிடம் கேட்டார்.

"பார்த்தனுங்க சார். தினமும் கழுவுவாங்க."

என் பக்கம் திரும்பினார்.

"கழுவ மாட்டாங்க சார். மழையில நனைஞ்சு வந்தாலே எடையில கழிச்சிருவாங்க. எங்கம்மா பத்து வயசுல இருந்து கொழுந்து எடுக்கா."

அவளுடைய ஏட்டை மூடி ஓரமாக வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பேராசிரியர் தலை நிமிரவில்லை. முந்தைய வருடத்துக் கதை அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறைக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "வேணும்னேதான மேசையில வெச்சிருந்த?"

"ஆமா."

"பெயிலானா எங்கூட்டுல இனிப் படிக்க உடமாட்டாங்க. கட்டிக் குடுத்துருவாங்க."

அன்று விடுதியில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் சொன்னபடியே அடுத்த ஆவணியில் கல்யாணம் நடந்தது, அழைப்பிதழ் வரவில்லை. அவளுக்காக வருத்தப்பட வேண்டும் என்று பலமுறை முயன்றிருக்கிறேன். முடிந்ததில்லை.

பின்னாளில் நானும் கல்லூரியில் பாடம் நடத்தினேன். கட்டுரை கொடுத்தவர்களை ஒவ்வொருவராக எதிரில் உட்காரவைத்து, கட்டுரையில் எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்லச் சொல்வேன். தாங்களே எழுதியவர்கள் நிறுத்தாமல் பேசுவார்கள். மற்றவர்கள் தாளைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காக நான் கொஞ்சம் ஆசையோடுதான் காத்திருப்பேன்.